ஜன்னல் சீட்டு எனக்கு வேண்டாம்!

பஸ் ஏறினால் எல்லாரும் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். எனக்கு அது வேண்டவே வேண்டாம். கண்டக்டருக்குப் பக்கத்தில், உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிற மாதிரி ஓர் இடம் கிடைத்தால் போதும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுவரை நின்றுகொண்டேகூட வருவேன். வெளியே ஓடுகிற ஏரியும் மலையும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்குள்ளே ஓடுகிற படம் இருக்கிறதே, அதற்கு ஈடு இணை கிடையாது!

இப்படி என்னைக் கெடுத்தது சமூகவியல். பாடமாகப் படித்தவனில்லை நான். திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறும்போது பீட்டர் பெர்கரின் ‘இன்விடேஷன் டு சோஷியாலஜி’ கையில் அகப்பட்டது. 1963ல் வந்த சின்னப் புத்தகம். மூடிய கதவைப் பார்த்துவிட்டால் அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாதவன்தான் சமூகவியலாளன் என்கிற தோரணையில் மனிதர் எழுதிக்கொண்டே போகிறார். ஊர்வம்பு என்று வீட்டில் சதா திட்டு வாங்கித்தந்த குணத்துக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையே இருக்கிறது என்றால் யாருக்குத்தான் குஷி பிறக்காது?

அடுத்து மாட்டியவர் சி. ரைட் மில்ஸ். 1959ல் அவர் எழுதிய ‘தி சோஷியலாஜிகல் இமாஜினேஷன்’ சொல்வது ஒரே விஷயம். ஓர் ஊரில் ஒருத்தனுக்கு மட்டும் வேலையில்லை என்றால் அவனுடைய படிப்பையும் சாமர்த்தியத்தையும் விசாரிக்கலாம். லட்சக்கணக்கானவர்களுக்கு வேலையில்லை என்றால் விசாரிக்க வேண்டியது நாட்டை. அவனவன் தலையெழுத்து என்று தோன்றுவதற்கும் நாட்டு நடப்புக்கும் நடுவே ஓடுகிற நூலைப் பிடித்துப் பார்க்கப் பழகுவதுதான் அவர் சொன்ன பார்வை.

படிக்கும்போது ‘சரி சரி’ என்று தலையாட்டிக்கொண்டுதான் போனேன். அது உடம்பில் ஏறியது 2019 கோடையில். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டுபோன வருஷம். எங்கள் தெருவில் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு போர்வெல்லைப் பற்றி, ஏதோ பிள்ளைக்கு வந்த நோயைப் பற்றிப் பேசுவதுபோல் தனித்தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தோம். “எங்க ராசி அப்படி” என்றார் எதிர்வீட்டுக்காரர். ராசியா அது? ஏரியை யார் தூர்த்தது, நிலத்தடியிலிருந்து யார் எவ்வளவு உறிஞ்சுகிறார்கள், தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது, எந்தத் தெருவுக்கு வருவதே இல்லை என்று கேட்க ஆரம்பித்த அன்றைக்குத்தான் மில்ஸ் எனக்குப் புரிந்தார்.

அதே லாரிக்காகக் காத்திருந்த குடங்கள் இன்னொரு வேடிக்கையைக் காட்டின. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் தெருவோரம் வரிசைகட்டி நிற்கும். ஆள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். குடத்துக்குச் சொந்தக்காரர் வீட்டில் குழம்பு கொதிக்கவிட்டிருப்பார், இல்லை பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருப்பார். குடம் அவருக்குப் பதிலாக நிற்கும். யாரும் அதை நகர்த்த மாட்டார்கள். நகர்த்தினால் கலவரம்! போலீஸ் இல்லை, டோக்கன் இல்லை, எழுதிவைத்த விதி ஒன்றும் இல்லை. ஆனாலும் தெரு முழுக்க அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டது.

குடத்தின் அண்ணன்தான் பஸ் ஸ்டாண்டில் பறக்கும் துண்டு. பொங்கலுக்கு முந்தின நாள் எந்த பஸ் ஸ்டாண்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வண்டி இன்னும் நிற்கக்கூட இல்லை, ஜன்னல் வழியே துண்டுகள், கர்சீப்புகள், தண்ணீர் பாட்டில்கள் உள்ளே விழும். சில நேரம் ஒரு குழந்தையே உள்ளே இறங்கும். நான் கவனித்தவரை இதற்கு நுணுக்கமான இலக்கணம் உண்டு. போடுகிற பொருள் விலையுயர்ந்ததாக இருக்கக் கூடாது, போய்விடும். குப்பை மாதிரியும் இருக்கக் கூடாது, தள்ளிவிடுவார்கள். ‘இது ஒருத்தருடையது, அவர் வரப்போகிறார்’ என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். ஒரு துண்டு ஒரு சீட்டுக்குத்தான் செல்லும். மூன்று பேர் சீட்டில் ஒரே துண்டை நீளவாட்டில் விரித்துப்போட்டவரை ஒருமுறை பஸ்ஸே சேர்ந்து கண்டித்தது.

சண்டை வந்தால் இன்னும் ரசம். “துண்டு போட்டிருக்கேன்ல, தெரியல?” “துண்டு போட்டா உங்க அப்பன் வீட்டு சீட்டா?” உடனே பின்சீட்டுப் பெரியவர் தீர்ப்பு வாசிப்பார்: “அவரு முன்னாடியே போட்டுட்டாருப்பா, விடு.” தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டே நகர்வார். விதி மீறப்படும்போதுதான் விதி என்று ஒன்று இருப்பதே கண்ணுக்குத் தெரிகிறது. ஹெரால்ட் கார்ஃபின்கல் என்ற அமெரிக்கர் இதற்காகவே மாணவர்களை அனுப்பி, சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி மரியாதையாக நடந்துகொள்ளச் சொல்லி வேடிக்கை பார்த்தார். பெற்றவர்கள் பதறிப்போனார்களாம். நமக்கு அந்தச் செலவெல்லாம் வேண்டாம். பண்டிகைக் கூட்டம் இலவசமாகவே நடத்திக்காட்டுகிறது.

எர்விங் காஃப்மன் 1971ல் ‘ரிலேஷன்ஸ் இன் பப்ளிக்’ என்ற புத்தகத்தில் இதையெல்லாம் அலசியிருக்கிறார். பொது இடத்தில் மனிதர்கள் தங்களுக்கென்று எப்படி எல்லை கட்டிக்கொள்கிறார்கள், எந்தெந்தப் பொருளை அடையாளமாக வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். படித்தபோது சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன். நம்ம ஊர்த் துண்டுக்கு அங்கே ஒரு சிம்மாசனமே போட்டு வைத்திருக்கிறார் மனுஷன்!

சிங்கப்பூருக்குப் போனபோது தேக்கா உணவங்காடியில் அதே துண்டைப் பார்த்தேன். அங்கே அது டிஷ்யூ பாக்கெட்! காலி மேசையில் ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ‘சோப்’ செய்வது என்கிறார்கள். கோட் போட்ட அலுவலர் பிரியாணித் தட்டோடு நின்று தேடுவார், ஆனால் சில காசு பெறுகிற அந்தக் காகிதப் பாக்கெட்டைத் தொட மாட்டார். அபராதத்துக்குப் பேர்போன ஊரில் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு விதி இத்தனை கம்பீரமாக நடக்கிறது!

அதே ஊரில் எழுதிவைத்த விதிகள் என்ன செய்கின்றன என்பதையும் பார்க்கலாம். அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று 1989 முதல் கட்டடம் கட்டடமாக வரம்பு உண்டு. தாழ்வாரத்தில் நடந்தால் ஒரு வாசலில் கோலம், அடுத்ததில் ஊதுபத்திச் சட்டி, அதற்கடுத்ததில் வரிசையாக அவிழ்த்துவிட்ட செருப்புகள். கீழ்த்தளத்தின் திறந்தவெளியில் ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், இன்னொரு வாரம் சீனர் வீட்டு இழவு. சுற்றுலாப் பயணிகள் கப்பல் சுமக்கும் மூன்று கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தத் தாழ்வாரத்தை விட்டு வர மனசே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா புல்வெளியில் குழு குழுவாக உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர்க் கட்டடத் தொழிலாளர்களைப் பார்த்ததும் இன்னொரு கேள்வி எழுந்தது: அந்தக் கோபுரங்களைக் கட்டிய கைகளுக்கு வாரத்தில் ஒருநாள் உட்காரக் கிடைத்த இடம் எது?

சரி, நம்ம மாநகரப் பேருந்துக்குத் திரும்புவோம். இதில் எனக்கு உயிர் ஒரு காட்சி. கண்டக்டர் பின்வாசல் பக்கம் தன் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். முன்னால் தொங்கிக்கொண்டிருப்பவர் இருபது ரூபாயை முன்பின் தெரியாதவரிடம் நீட்டி, “சைதாப்பேட்டை ஒண்ணு” என்பார். அந்த நோட்டு ஐந்தாறு கைகள் மாறிக் கண்டக்டரிடம் போகும். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். வழியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது! அந்த ஐந்தாறு பேரும் யார் எவர் என்று அவருக்குத் தெரியாது. நோட்டைக் கொடுத்தபின் அது எங்கே போகிறது என்று திரும்பியும் பார்க்க மாட்டார், அப்படித் திரும்பிப் பார்ப்பது அவர்களைச் சந்தேகப்படுவதாகிவிடும். தெருவில் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கும் அதே சென்னைவாசிதான் இவர். இந்த நம்பிக்கை பஸ்ஸுக்குள் ஏறியதும் எங்கிருந்து வருகிறது, இறங்கியதும் எங்கே போகிறது? இதைக் கேட்டுக்கொண்டே ஒரு முழுப் பயணத்தை ஓட்டலாம்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். இதைப் பற்றி ஆண்கள் அடிக்கிற நக்கலுக்கு அளவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “முன்னல்லாம் மக வீட்டுக்குப் போவணும்னா மவன்கிட்ட கை நீட்டணும். எதுக்கும்பான், இப்பத்தான போனேம்பான். இப்ப யாரு கேக்கறா?” மிச்சமாவது பத்து இருபது ரூபாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். போனது காசுச் செலவு மட்டுமில்லை, காரணம் சொல்லி அனுமதி வாங்குகிற வேலையும்தான் என்று அந்த அம்மா ஒரு ஸ்டாப்பிங்குக்குள் விளக்கிவிட்டார். வீட்டுக்குள் காசு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி ஒரு பஸ் டிக்கெட்டில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது!

ரயில் என்றால் சொல்லவே வேண்டாம், சமூகவியல் பார்வைக்கு அதுதான் கல்யாணச் சாப்பாடு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. அந்த ராயபுரம் நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது, அவசியம் போய்ப் பாருங்கள். பக்கத்தில் உட்காரவே கூடாது என்றிருந்தவர்களை எல்லாம் ஒரே பெஞ்சில் உட்காரவைத்த வண்டி அது. ஆனால் சாதி என்ன லேசில் இறங்கிவிடுகிற பயணியா? பெஞ்சில் விட்டதை அது சாப்பாட்டில் பிடித்துக்கொண்டது. ரயில் நிலையச் சாப்பாட்டுக்கூடங்களில் பிராமணர்களுக்கென்று தனி இடம் இருந்தது. பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் விடாமல் எதிர்த்து, 1941ல்தான் அது ஒழிந்தது. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974ல் போனது. இன்றைக்கு அன்ரிசர்வ்ட் பெட்டியிலிருந்து ஏசி முதல் வகுப்புவரை ஒரு முறை பிளாட்பாரத்தில் நடந்து பாருங்கள், வண்டியில் ஏறாமலே ஒரு நாட்டைப் பார்த்துவிடலாம்.

பெட்டிக்குப் பெட்டி பேச்சே வேறு. ஏசியில் திரைச்சீலையும் இயர்போனும் பேச்சை முடித்துவிடும். ஒருவரை ஒருவர் ஒரு கணம் பார்த்து, ‘பார்த்தேன், தொந்தரவு செய்ய மாட்டேன்’ என்பதுபோல் கண்ணை விலக்கிக்கொள்வார்கள். நகரத்து மரியாதை இது என்று காஃப்மன் 1963லேயே வர்ணித்துவிட்டார். அன்ரிசர்வ்டிலோ அப்படிக் கண்ணை விலக்கினால் திமிர் பிடித்தவன் என்று பெயர். “எந்த ஊருக்கு?” என்று தொடங்கும். “அங்க எந்தப் பக்கம்?” என்று நகரும். “எந்தத் தெரு?” என்று வந்து நிற்கும். முதல் கேள்வி அன்பு. மூன்றாவது கேள்வி என்ன என்று தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யார் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்கிறார்கள், யார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள், யார் “பஸ் ஸ்டாண்டு பக்கம்” என்று மழுப்புகிறார்கள் என்று கவனியுங்கள். சாதியைப் பற்றி ஆயிரம் பக்கம் படித்தாலும் வராத தெளிவு அந்த மழுப்பலில் வரும்.

இதே பெட்டியில்தான் மனிதர்கள் அந்நியரிடம் மனசைக் கொட்டுவதும். மருமகளிடம் சொல்லாததை, டாக்டரிடம் மறைத்ததை, விழுப்புரம் தாண்டுவதற்குள் என்னிடம் சொன்னவர்கள் உண்டு. ஜெர்மானியர் கியோர்க் சிம்மல் 1908லேயே இதைச் சொல்லியிருக்கிறார்: அந்நியனிடம் மனிதர்கள் நெருங்கியவர்களிடம் சொல்லாததையும் சொல்வார்கள். அவனால் நம் வாழ்க்கையில் ஒரு பாதகமும் வராது அல்லவா!

லோயர் பெர்த் பேரம் தனி நாடகம். “சார், அம்மாவுக்கு முட்டி வலி, நீங்க கொஞ்சம் அப்பர் போயிக்கிறீங்களா?” கேட்கிறவர் குரல் எத்தனை இறங்குகிறது, கொடுக்கிறவர் முகத்தில் எத்தனை பெருமை! 1970களில் நியூயார்க் சுரங்க ரயிலில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிரம் தன் மாணவர்களை அனுப்பி, காரணமே சொல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் சீட்டைக் கேட்கச் சொன்னார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடம் கிடைத்தது. ஆனால் கேட்கப் போனவர்களுக்குத்தான் வயிற்றைப் புரட்டியது. மில்கிரமே கேட்கப் போய் வாயடைத்து நின்றாராம். எழுதாத விதிக்கு அத்தனை பலம். நம்ம ஆட்கள் கெட்டிக்காரர்கள், காரணம் இல்லாமல் கேட்கவே மாட்டார்கள். முட்டி வலி இல்லாத அம்மாவே தமிழ்நாட்டு ரயிலில் கிடையாது!

சுற்றுலா இடங்களுக்கும் இந்தக் கண்ணோடு போனால் கிடைப்பதே வேறு. கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு வீடு பார்க்கப் போனோம். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்று கைடு ஒப்பித்துக்கொண்டே போனார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் வாசலில் நின்று உள்ளே ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்வாசல். திண்ணை வழிப்போக்கருக்கு. முகப்பு ஆண்களின் கணக்குவழக்குக்கு. உள்ளே போகப்போக உறவு நெருங்குகிறது, பெண்களின் குரல் தொடங்குகிறது. வளவைச் சுற்றிக் கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அறை. ஒரே கூரைதான், ஆனால் அடுப்பு தனித்தனி! கூட்டுக்குடும்பம், தனிக்குடித்தனம் என்று நாம் எதிரெதிராக நிறுத்திச் சண்டைபோடுகிற இரண்டையும் ஒரே வீட்டுக்குள் குடிவைத்திருக்கிறார்கள்.

ஷெட்லண்ட் தீவில் ஒரு ஹோட்டலின் சமையலறைக்கும் சாப்பாட்டுக்கூடத்துக்கும் நடுவிலிருந்த கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலைக்காரர்கள் எப்படி வேறுவேறாக நடந்துகொள்கிறார்கள் என்பதை வைத்தும் காஃப்மன் முன்மேடை, பின்மேடை என்று பிரித்துக் காட்டினார். அவர் மட்டும் செட்டிநாட்டுக்கு வந்திருந்தால்! இன்றைக்கு அந்த வீடுகள் பல பூட்டிக் கிடப்பதற்கும் காரணம் கேட்டுப் பாருங்கள். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை சரிந்த கதை ஒரு பாதி. ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள் என்பது மறு பாதி. விற்கவும் முடியாது, வாழவும் ஆள் இல்லை, கல்யாணத்துக்கு மட்டும் கதவு திறக்கும்.

கிராமத்துக்குப் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல். தஞ்சைப் பகுதியில் ஒரு கிராமத்தில் 1960களின் தொடக்கத்தில் தங்கி, அதற்கு ‘ஸ்ரீபுரம்’ என்று மாற்றுப்பெயர் கொடுத்து, 1965ல் ‘காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்’ எழுதினார். அக்கிரகாரம், குடியானத் தெருக்கள், சேரி என்று மூன்றாகக் கிடந்த ஊரில் முன்பு சாதி, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்தன. அவை எப்படி ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தன என்பதுதான் புத்தகம். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனாலேயே மற்றத் தெருக்களில் அவரால் சகஜமாகப் புழங்க முடியவில்லை. நாம் எந்த வீட்டில் காபி குடிக்கிறோமோ, அந்த வீட்டு ஜன்னல் வழியாகத்தான் ஊர் நமக்குத் தெரியும்! சொந்தக்காரர் வீட்டுக் கோயில் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். பஸ் எந்தத் தெரு முனையில் நிற்கிறது, தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, சுடுகாடு எத்தனை இருக்கிறது? கால் கிலோமீட்டர் நடந்தால் மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

கடைசியாக என் செல்லம்: மொய்விருந்து. ஆடி மாதம் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போய்ப் பார்க்காதவர்கள் பாதி வாழ்க்கையை இழந்தவர்கள்! பந்தலில் ஆட்டுக்கறிச் சாப்பாடு மணக்கும். மறுபக்கம் மேசைபோட்டு ஊர்வாரியாக மொய் எழுதிக்கொண்டிருப்பார்கள். நோட்டு எண்ணும் எந்திரம் ‘சர்ர்ர்’ என்று ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, விருந்தே மொய்க்காகத்தான். அன்றைக்கு வருகிற பணத்தில் ஒருவர் கடை வைப்பார், ஒருவர் கிணறு வெட்டுவார், ஒருவர் மகளைப் படிக்க அனுப்புவார். அடமானம் இல்லை, பத்திரம் இல்லை. வாங்கியதை அவரவர் விருந்தில் திருப்பி வைக்க வேண்டும், கொஞ்சம் கூட்டியும் வைக்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் அடுத்த உறவுக்கு முன்பணம். சரிக்குச் சரியாகத் திருப்பினால் கணக்கு முடிந்தது, கணக்கு முடிந்தால் உறவும் முடிந்தது.

கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது மூன்றும் கடமை என்று மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925ல் பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் வைத்து எழுதினார். இந்தப் பந்தலில் அது பந்தியோடு பரிமாறப்படுகிறது. ஒரே ஓர் உறுத்தல் உண்டு. இந்தக் கணக்கு நோட்டில் பெயர் ஏற, முதலில் வைக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நிலமும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் இருப்பவர் இலை எடுக்கிற பக்கம்தான் நிற்கிறார். இந்தப் பார்வை சந்தோஷத்தைக் கூட்டும். அதே வேகத்தில் பந்தலின் ஓரத்தையும் காட்டிவிடும். அதனால்தான் எனக்கு இது இத்தனை பிடிக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். மனிதர்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பூச்சி மாதிரிப் பார்க்கத் தொடங்கினால் எல்லாம் கெட்டது. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. அடுத்தவர் கஷ்டத்தைச் சுவாரசியம் என்று நாக்கில் போட்டுச் சப்பக் கூடாது. நம்மையும் அதே கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் ஊராகச் சுற்றி வேடிக்கை பார்க்க எனக்கு நேரம் கிடைக்கிறதே, வீட்டில் அந்த நேரத்துக்கு அடுப்படியில் நிற்பது யார்? ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக பஸ் ஸ்டாண்டில் நின்று துண்டு பறப்பதை நான் ரசிக்கிறேனே, என் தங்கையால் அது முடியுமா? இந்தக் கேள்விகளைக் கேட்காத பார்வை பாதிப் பார்வைதான்.

இதற்குச் செலவு ஏதும் கிடையாது. பட்டம் வேண்டாம், பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தால் நல்லது. சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் 1948ல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கிச் சேர்த்த குறிப்புகளை வைத்துப் பல வருஷம் உழைத்துத் தயாரித்ததெல்லாம் 1970ல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் போனது. மனிதர் சோரவில்லை. ஞாபகத்திலிருந்தே ‘தி ரிமெம்பர்ட் வில்லேஜ்’ எழுதி 1976ல் வெளியிட்டார். கூர்ந்து பார்த்தது லேசில் அழியாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆரம்பிக்கிறவர்களுக்கு இரண்டே கேள்வி தருகிறேன். எங்கே போனாலும் கேளுங்கள்: இங்கே யாரும் எழுதிவைக்காமலே எல்லாரும் கடைப்பிடிக்கும் விதி எது? இங்கே இருக்க வேண்டிய யார் இங்கே இல்லை? டீக்கடையிலும் கேட்கலாம், திருப்பதி வரிசையிலும் கேட்கலாம், தாய்லாந்துக் கடற்கரையிலும் கேட்கலாம். ஒரே வாரத்தில் உங்கள் ஊரே உங்களுக்குப் புது ஊராகிவிடும், நான் உத்தரவாதம். நாளைக் காலை வேலைக்குப் போகும்போதே தொடங்கிவிடுங்கள். இதற்கென்று தனியாக லீவு போட வேண்டியதில்லை.